என் சிக்கனம் யார் தலையில் விடிந்தது?

"அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்" என்று நம் புதுக்கோட்டைப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்மூரில் அது வெறும் பேச்சு இல்லை. சமஸ்தானத்துக்கென்று சொந்தக் காசு இருந்தது. அம்மன் காசு 20 சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். அதில் பாதி என்றால் எவ்வளவு சின்னத் தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1948 இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு காசு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை இன்றும் அரைக்காசு அம்மன் என்றுதான் கூப்பிடுகிறோம். வீட்டில் ஏதாவது காணாமல் போனால் அவளுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்கிறோம்.

நான் பார்த்ததும் அப்படி ஓர் அரைக்காசு உத்தியோகம்தான். அதை வைத்துக்கொண்டு 1984 முதல் 1995 வரை 11 வருஷம் சென்னையில் குடும்பம் நடத்தினேன். சைதாப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன் போய் இறங்கினால் ஆபீஸ். ஒரே சம்பளம். கடன் வாங்கவில்லை. திரும்பி வரும்போது ஊரில் ஒரு மனை வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருந்தது. இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகப் பெருமை உண்டு. கல்யாண வீடுகளில் யாராவது மாட்டினால் சொல்லாமல் விடமாட்டேன். நண்பர்கள் பலருக்கு இது தெரியும்.

போன மாதம் சென்னையில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, ரெண்டு சம்பளம் வருது, மாசக் கடைசியில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நீங்க ஒரே சம்பளத்துல எப்படிப்பா ஓட்டினீங்க? கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்."

கேட்டதே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். பழைய கணக்கு நோட்டுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். மாதத்துக்கு இரண்டு பக்கம், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். ஆபீஸில் எழுதியதைவிட அழகான கையெழுத்தில் வீட்டில் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்தேன்.

1. அரிசி, புளி, மிளகாய், கடலெண்ணெய் எல்லாம் ஊரிலிருந்து வரவழைப்பது. ஆலங்குடிப் பக்கத்துக் கடலை, மாமியார் வீட்டுப் புளி.
2. இட்லி மாவு, மசாலாப் பொடி எதையும் கடையில் வாங்காதது. 1991 வரை கிரைண்டர் இல்லை, ஆட்டுக்கல்தான்.
3. சனிக்கிழமை தோறும் கொத்தவால்சாவடியில் மொத்தமாகக் காய்கறி வாங்குவது. (கோயம்பேடு மார்க்கெட் வந்தது 1996 இல், அதற்கு முன்னால் சென்னைக்கே காய் அங்கிருந்துதான்.)
4. ரேஷன் கடையில் எந்தப் பொருளையும் விடாமல் வாங்குவது. மண்ணெண்ணெய் உட்பட.
5. லாரித் தண்ணீர், அடி பம்புத் தண்ணீர். ஆள் வைத்துத் தூக்காதது.
6. வீட்டு வேலைக்கு ஆள் வைக்காதது.
7. குழந்தையின் துணிகளை வீட்டிலேயே தைப்பது.
8. ஓட்டலுக்குப் போகாதது.
9. ஸ்டேஷனுக்கு நடந்தே போவது.
10. சிகரெட், வெற்றிலை, சினிமா எதுவும் கிடையாது.

திருப்தியாக இருந்தது. மகளுக்கு அனுப்பும் முன் மனைவியிடம் காட்டினேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லட்டுமே என்றுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல நீங்க செஞ்சது எது?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து என்னிடமே கொடுத்தாள். "டிக் அடிங்க" என்றாள்.

ஒன்பதாவதில் டிக் அடித்தேன். பத்தாவதில் அடித்தேன். "சிகரெட் குடிக்காததெல்லாம் ஒரு சேமிப்பா? அப்படிப் பாத்தா நானும் குடிக்கலையே" என்றாள். மூன்றாவதைக் காட்டினேன். கொத்தவால்சாவடிக்குப் போனது நான்தானே?

"மூட்டையைக் கொண்டாந்து போட்டீங்க. அஞ்சு கிலோ தக்காளியை அழுகாம ஒரு வாரம் காப்பாத்துனது யாரு? ஃப்ரிட்ஜா இருந்துச்சு?"

நண்பர்களே, 34 வருஷம் ஆபீஸில் இருந்திருக்கிறேன். எத்தனையோ தணிக்கைக் குறிப்புகளுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு விளக்கம் எழுத முடியவில்லை.

பிறந்து படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் லா ஃபோன்தேன் எழுதிய சிள்வண்டும் எறும்பும் கதை மனப்பாடம். கோடையெல்லாம் பாடிக் களித்த சிள்வண்டு குளிர் வந்ததும் எறும்பிடம் போய்க் கடன் கேட்கும், எறும்பு கொடுக்காது. வாத்தியார் பாடம் நடத்தும்போது எறும்பு மாதிரி இருக்க வேண்டும் என்பார். அன்றையிலிருந்து நான் என்னை எறும்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. எறும்பு பெண்பால். இதை இலக்கணத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டு எறும்பு யார் என்பது மட்டும் இத்தனை நாள் கழித்துத்தான் தெரிகிறது. அவள் இழுத்தாள், நான் நோட்டில் எழுதினேன்.

அன்று இரவு நோட்டுகளைத் திரும்பப் புரட்டினேன். 1989 ஜூன் மாதப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு தனிக் கணக்கு இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மதிப்பெண், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், டீச்சர் ட்ரெயினிங்கும் முடித்தவள். சம்பளம் 500 ரூபாய். மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன்.

குழந்தையைப் பார்க்க ஆள் 200. மாவு, பொடி கடையில் வாங்கினால் 70. தண்ணீர் தூக்க ஆள் 60. பஸ் 40. சேலை, செருப்பு 45. ஆக 415. மிச்சம் 85.

அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: "85 ரூபாய்க்காக வேண்டாம்."

அவளிடம் காட்டினேன். பார்த்தாள். "ஞாபகம் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுல எனக்குப் போகணும்னு இருக்கான்னு ஒரு கலம் போடலையே நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

கலம் என்பது ஆபீஸ் சொல். பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவோமே, அந்தக் கட்டம். கலம் இல்லாத விவரத்தை எந்தக் குமாஸ்தாவும் எழுதமாட்டான். எழுதாததை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். ஆபீஸ் அப்படித்தான் நடக்கிறது. வீடும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்தக் கணக்கை இப்போது ஒரு தணிக்கையாளன் கண்ணால் பார்த்தேன். நாலு பிழை தெரிந்தது.

முதல் பிழை, எல்லாச் செலவையும் அவள் சம்பளத்தில் கழித்தது. குழந்தை இரண்டு பேருக்கும் குழந்தைதான். மாவும் தண்ணீரும் மூன்று பேருக்கும்தான். என் சம்பளத்தில் ஏன் ஒரு பைசா கழிக்கவில்லை? பாதிப் பாதி கழித்திருந்தால் அவள் கணக்கில் 250 ரூபாயாவது நின்றிருக்கும்.

இரண்டாவது, அன்றைய ஒரு மாதத்தை மட்டும் பார்த்தது. இரண்டே வருஷத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆயா செலவு போயிருக்கும், சம்பளம் ஏறியிருக்கும், அனுபவம் சேர்ந்திருக்கும். என் உத்தியோகத்துக்கு இன்கிரிமென்ட் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தவன், அவள் வேலைக்கும் இன்கிரிமென்ட் உண்டு என்று நினைக்கவில்லை.

மூன்றாவது, அவள் வீட்டில் செய்த வேலைக்கு விலை போடாதது. ஆயாவுக்கு 200, தண்ணீருக்கு 60, மாவுக்கு 70 என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அவள் மாதாமாதம் 330 ரூபாய் வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தாள் என்று என் கையெழுத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. அந்த 330 வரவுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

நாலாவது அவள் சொன்ன கலம்.

நம் மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது நோட்டில் ஏறும். பத்து ரூபாய் செய்தாலும் ஏறும். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது அந்த நோட்டைப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவனை ஊர் மதிக்காது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி பேசுவார்கள். எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. வாங்கியதை எழுதி வைத்து, திருப்பித் தரும் கடமையை ஒப்புக்கொள்கிறார்களே! இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் என் வீட்டில் அப்படி ஒரு நோட்டு நான் போடவில்லை.

இது என் வீட்டு வழக்கு மட்டும் இல்லை. மத்திய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், செய்யும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் வந்தது. 289 நிமிடம் என்றால் ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு ஆபீஸ் நாளில் மதியச் சாப்பாடும் டீயும் போக நாங்கள் உண்மையாக வேலை பார்த்த நேரம் அவ்வளவு இருந்திருந்தால் நல்லது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது அதற்கு "மகளிர் உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. என் வீட்டுக்கு அது வராது, வரவும் கூடாது. ஓய்வூதியம் வருகிற வீடு. ஆனால் உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னார்கள். அப்போது அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது. இந்த நோட்டைப் பார்த்த பிறகு மிகையாகப் படவில்லை.

இனி மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் ஏன் கேட்டாள் என்பதை மறுபடி போன் செய்தபோதுதான் சொன்னாள். சின்னவனுக்கு மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டணம், சமையலுக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம், போக வர வண்டிச் செலவு எல்லாம் போனால் அவள் சம்பளத்தில் கொஞ்சம்தான் நிற்கிறதாம். "பேசாம வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தா மிச்சம் பிடிக்கலாமோன்னு தோணுதுப்பா. அம்மா அப்படித்தானே பண்ணாங்க?"

36 வருஷத்துக்கு முன் நான் சிவப்பு மையில் எழுதிய வரியை என் பெண் வாயாலேயே கேட்டேன்.

பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே இரண்டு கலம் போட்டேன். "எவ்வளவு மிச்சம்" என்பது ஒன்று. "யார் தலையில்" என்பது இன்னொன்று. இரண்டாவது கலத்தில் ஒரே ஆள் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கேட்கத் தைரியமில்லாத ஒருவர் பெயர் வந்தால், அந்த யோசனையை அடித்துவிட்டேன். மிஞ்சியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளும் பெரிய ஊரில் இருப்பார்கள்.

முதலில் வாடகை. வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்கக் கூடாது. வாடகை, போக்குவரத்து, வழியில் போகும் நேரம் மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே 5000 ரூபாய் குறைவாக வீடு கிடைக்கும். இரண்டு பேர் தினம் மூன்று மணி நேரம் ரோட்டில் நின்றால் அந்த 5000 அங்கேயே போய்விடும், பிள்ளை தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். அட்வான்ஸ் விஷயமும் ஒன்று. சென்னையில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய பழக்கம். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யச் சொல்லுங்கள். இதில் யார் தலையிலும் பாரம் இல்லை. வாசிக்கும் பொறுமை போதும்.

அடுத்தது மின்சாரம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். கவனிக்க வேண்டியது 500 என்ற எண். 500 வரை ஒரு அட்டவணை, 500 தாண்டினால் வேறு அட்டவணை. 501 ஆவது யூனிட் ஓடினால் அந்த ஒரு யூனிட்டுக்காக மட்டும் பில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும், ஏனென்றால் கீழ்ப் படிகளில் இருந்த சலுகை போய்விடும். அதனால் 40 ஆம் நாள் மீட்டரைப் பார்த்துக்கொண்டால் கடைசி 20 நாளில் ஏ.சி.யைத் திட்டமிட்டு ஓட்டலாம். பார்ப்பது மாப்பிள்ளை வேலை என்று எழுதிவிட்டேன். சமையலறையில் வியர்த்துக்கொண்டிருப்பவளிடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது சிக்கனம் இல்லை. நான் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் 60 வயது தாண்டிய உள்ளூர்வாசிகளுக்கு மாதம் 10 பயண டோக்கன் உண்டு. பிள்ளைகள் வீட்டோடு போய் இருக்கும் நண்பர்கள் சென்னை முகவரிச் சான்று இருந்தால் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். "இலவசத்தில் போவதா" என்று கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். நாம் கட்டிய வரிதான் அது, பிச்சை இல்லை. ஆனால் இலவச பஸ்ஸுக்காக உடம்பு முடியாத அம்மாவை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கக் கூடாது. அன்றைக்கு ஆட்டோதான். 1993 தண்ணீர்ப் பஞ்சத்தில் இரண்டு குடத்தோடு மாடி ஏறிய முழங்கால்களை நான் இப்போது தினமும் பார்க்கிறேன். அவள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். அந்த வைத்தியத்துக்கு ஆன செலவு, தண்ணீர் தூக்க ஆள் வைக்காமல் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு.

நாலாவது மருந்து. மருந்தின் வணிகப் பெயரைப் பார்க்காமல் மூலப்பெயரைக் கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு முதல்வர் மருந்தகங்களை 1000 இடங்களில் திறந்தது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாற்றும் முன் டாக்டரிடம் சீட்டைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போட்டு மிச்சம் பிடிக்கிறவர்கள் நம் வயதில் நிறையப் பேர் உண்டு. நான் சொல்வது அவர்களுக்கும்தான். கண், பல், மருந்து மூன்றிலும் சிக்கனம் பிடித்தால் வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

ஐந்தாவது சாப்பாடு. மாதச் சாமானை ஒரே சீட்டில் எழுதி ஒரே நாளில் வாங்கினால் தேவையில்லாதது குறையும். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வருகிறது என்று கறிவேப்பிலைக்குக்கூட போனை அமுக்கினால், கறிவேப்பிலையோடு நாலு பொருள் சேர்ந்து வரும். அதில் "யார் தலையில்" என்ற கலத்தையும் பாருங்கள். மழையில், வெயிலில், சிக்னலை மீறி ஓடி வரும் அந்தப் பையன் நம்மூர்ப் பையனாகவும் இருக்கலாம். சமைக்க முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். நான் சென்னை போனால் அங்கே சாப்பிடுவேன். பென்ஷன்காரன் அங்கே சாப்பிடலாமா என்று மாப்பிள்ளைக்குச் சங்கடம். வரிசையில் நிற்பவர்களோடு நானும் நிற்கிறேன், எனக்குச் சங்கடம் இல்லை.

ஆறாவது, பேரம். சமையலுக்கு வரும் அம்மாவின் சம்பளத்தில் 500 குறைப்பது, தெருவில் கீரை விற்கும் கிழவியிடம் இரண்டு ரூபாய் குறைப்பது, இவை என் பழைய நோட்டில் நிறைய இருக்கின்றன. புதுப் பட்டியலில் எடுத்துவிட்டேன். குறைக்க வேண்டுமானால் வங்கியிடம் வீட்டுக்கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதட்டும். அங்கே பேசுவதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

மிச்சம் பிடித்ததைப் போடும் இடமும் முக்கியம். பதிவில்லாத சீட்டு, மாதம் மூன்று வட்டி என்று சொல்லும் கம்பெனி, இவற்றில் 20 வருஷச் சிக்கனம் ஒரே ராத்திரியில் போனவர்களை நம் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும். எண் எங்கே என்று கேளுங்கள். நம் வயதுக்காரர்களுக்குத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 முதல் அதில் 30 லட்சம் வரை போடலாம். மனைவி பெயரிலும் போடுங்கள். வயது வந்திருந்தால் அவர்களுக்கும் தனியாக உச்சவரம்பு உண்டு. என் வீட்டில் இதைப் போன வாரம்தான் செய்தேன்.

கடைசியாக வேலையை விடுவது. அதற்கு எதிரே "எவ்வளவு மிச்சம்" என்ற கலத்தில் ஒன்றும் எழுதவில்லை. 1989 ஜூன் பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்படியே அனுப்பினேன். கீழே நாலு பிழைகளையும் எழுதினேன். "பையன் கட்டணத்தை உன் சம்பளத்தில் மட்டும் கழிக்காதே, இரண்டு சம்பளத்திலும் கழி. இரண்டு வருஷம் கழித்து இந்தக் கட்டணம் இருக்காது. அதற்கப்புறமும் வேலை வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் விடு. அது உன் இஷ்டம். மிச்சம் பிடிக்க என்று மட்டும் விடாதே. உங்கம்மா விட்டது அவள் இஷ்டத்தில் இல்லை, என் கணக்கில்."

சொந்தக்காரர்கள் சிலருக்கு விஷயம் தெரிந்ததும் சுலபமான வழி சொன்னார்கள். "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? அம்மாவைக் கொண்டு போய் விடுங்க, பிள்ளையைப் பாத்துக்கட்டும். காசே ஆகாது." காசே ஆகாதாம். எனக்கும் முதலில் நல்ல யோசனை என்றுதான் பட்டது. பிறகு இரண்டாவது கலத்தைப் பார்த்தேன். மறுபடியும் அதே பெயர்.

இந்தத் தடவை அவளையே கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலையில் சொன்னாள்.

"மூணு மாசம் போய் இருப்போம். பேரனைப் பாக்கணும்னு எனக்கும் இருக்கு. ஆனா நான் மட்டும் இல்ல, நீங்களும் வரணும். காய் நறுக்குறது, மாவு அரைக்கிறது, அவனைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறது உங்க வேலை. மூணு மாசம் முடிஞ்சா ஆள் வெச்சுக்கட்டும். அவ வேலையை விடக் கூடாது."

ராமேஸ்வரத்திலிருந்து வரும் ரயிலில் புதுக்கோட்டையிலிருந்து இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது. முன்பு ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் குறையும். முழுக் கட்டணம் கட்டும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. பழக்கம் போகுமா?

நோட்டில் புது மாதத்துக்குக் கோடு போட்டுவிட்டேன். இந்தத் தடவை ஒரு கலம் அதிகம். முதல் நாளே அதில் எழுத ஒன்று இருந்தது: வெங்காயம் நறுக்கியது, நான், 20 நிமிடம். அவள் பார்த்துவிட்டு, "அரை மணி நேரம் ஆச்சு, சரியா எழுதுங்க" என்றாள்.